பாதி மேசை விலாசம்

சாவிக்கொத்து குலுங்குகிற சத்தம் எங்கே கேட்டாலும், இன்றைக்கும் என் கை மேசைமேல் கிடக்கிற காகிதங்களைத் தானாக இடப்பக்கம் ஒதுக்கும். வலப்பக்கப் பாதி அந்த அக்காவுடையது. அவர் ஊரை விட்டுப் போய் வெகு நாளாகிவிட்டது. ஒதுக்குகிற பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

மதுரைக் காளவாசலில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் தொழில். உட்கார்ந்தே பிழைக்கிறவன் நான். ஆள் வரும்வரை உட்கார்ந்திருப்பேன். வந்த ஆளையும் உட்கார வைத்து, டீ வரவழைத்து, அவர் இல்லாமல் போனால் குடும்பம் என்ன பாடுபடும் என்று பக்குவமாக எடுத்துச் சொல்வேன். இப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரு இடத்தில் நிற்காத மனுஷி ஒருத்தர் வந்து சேர்ந்தது என் ஜாதக விசேஷம்தான்.

இந்த அறையை எனக்குப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். கணவர் இறந்த பிறகு, ஒரே மகளை வைத்துக்கொண்டு, வாடகைக்கு வீடு காட்ட ஆரம்பித்தவர். இடுப்பில் காலி வீடுகளின் சாவிகள் ஒரு பெரிய வளையத்தில் தொங்கும். அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும். எந்த இடத்தைத் திறந்தாலும் முதல் வேலையாகக் குழாயைத் திருகுவார். தண்ணீர் வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. அன்றைக்கும் இந்த அறையின் மூலையில் இருக்கிற குழாயைத் திறந்து, எல்லா ஸ்விட்சையும் தட்டி, ஜன்னலைச் சாத்தித் திறந்து, நான் படியேறிய மூச்சு வாங்கி முடிப்பதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்.

"உட்காருங்கக்கா, நிதானமாப் பேசுவோம்" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி, நின்னுக்கறேன்."

"ஒரு நாற்காலிதான் கெடக்கேன்னு பாக்கறீங்களா? நீங்க உட்காருங்க."

"அதுக்கில்ல. புரோக்கர் உட்கார்ந்தா பார்ட்டி எந்திரிச்சிரும் தம்பி."

அது என்ன கணக்கு என்று கேட்டேன். காட்ட வந்தவள் அசந்து உட்கார்ந்துவிட்டால், இவளுக்கு வேறு ஆள் இல்லை, இந்த இடம் போகாத இடம் என்று பார்ட்டிக்குத் தோன்றிவிடுமாம். நின்றுகொண்டே இருந்தால்தான், நாம் விட்டால் அடுத்தவன் எடுத்துக்கொள்வான் என்ற பயம் இருக்குமாம். எனக்கும் அந்தப் பயம் வந்திருக்க வேண்டும். அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டேன்.

முதலில் தொழிலுக்காக நின்றவருக்குப் போகப்போக உட்காருவதே மறந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். டீக்கடை பெஞ்சில் உட்கார மாட்டார். ஷேர் ஆட்டோவில்கூட விளிம்பில் தொற்றிக்கொண்டுதான் வருவார். ஒருமுறை அழகர்கோவிலில் அவரையும் மகளையும் பார்த்தேன். சாமி கும்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பார்கள் அல்லவா? "உட்காரும்மா, கும்பிட்ட புண்ணியம் போயிரும்" என்று மகள் கையைப் பிடித்து இழுக்கிறாள். அந்த அம்மா பாதி குனிந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதையே உட்கார்ந்ததாக வைத்துக்கொள்ளச் சொல்லி அழகரிடம் விட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். வெளியில் எங்களைவிட நன்றாக மதுரைப் பேச்சு பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வீட்டுப் பேச்சுக்குப் போய்விடுவார். ஆகையால் அவர் என்னைத் திட்டியதில் எதுவும் எனக்கு இதுவரை உறைத்ததில்லை.

ஒருநாள் காலையில் சாவிச் சத்தம் வந்தது. ஆள் வர நேரமானது. படியில் பாதி ஏறி, நின்று, இறங்கி, மறுபடியும் ஏறி வந்தார். முகம் சரியில்லை.

"தம்பி, சுவத்துல மாட்டி வச்சிருக்கீங்களே லைசென்ஸ், அந்த மாதிரி எங்களுக்கும் ஒண்ணு கவர்மென்ட்ல குடுக்குறாங்களாமே?"

முந்தின நாள் மகளைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். அவர்கள் இனத்திலேயே நல்ல இடம். பையனுக்குச் சொந்தத்தில் மருந்துக்கடை. ஜாதகம் ஏற்கெனவே பொருந்தியிருந்தது. கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்த பிறகு, பையனின் அப்பா சாதாரணமாக, "அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டிருக்கிறார். யாரோ ஒரு சொந்தக்காரர், "வீட்டு புரோக்கர்" என்று சொல்லிவிட்டார்.

"'புரோக்கரா?'ன்னார் தம்பி. ஒருக்காதான் கேட்டார். காப்பித் தம்ளர கீழ வச்சிட்டார். மிச்சத்தக் குடிக்கவே இல்ல. ராத்திரி போன் பண்ணி ஜாதகம் பொருந்தலைங்கறாங்க. போன வாரம் பொருந்துன ஜாதகம்."

ஆறுதலாக இருக்கட்டும் என்று சட்டத்தைச் சொன்னேன். மனை, ஃபிளாட் விற்றுக் கொடுக்கிறவர்கள் இப்போது ரியல் எஸ்டேட் ஆணையத்தில் ஏஜென்டாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும், அதற்குச் சான்றிதழும் எண்ணும் கொடுக்கிறார்கள், வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பவர்களுக்கு அது அவசியமில்லை என்றேன்.

"நீங்க வாடகைக்குத்தானக்கா பாக்கறீங்க. உங்களுக்கு அது தேவையில்ல."

"எனக்குத் தேவைப்படுது தம்பி."

கம்ப்யூட்டரைத் திறந்தேன். பெயர், தகப்பனார் பெயர், பான், ஆதார் எல்லாம் சரளமாகப் போயின. 'தொழில் நடத்தும் இடம்' என்கிற கட்டத்துக்கு வந்ததும் நின்றது.

"வண்டியிலதான தம்பி நடக்குது. வண்டி நம்பரப் போடலாமா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நாலு பக்கமும் என் அறையைச் சுற்றிப் பார்த்தார். வீடு காட்டுகிறவர் பார்வை அது. அவர் கண் என் மேசையில் வந்து நின்றதும் எனக்கு விளங்கிவிட்டது. மேசையில் வலது பாதி அவருக்கு, இடது பாதி எனக்கு என்று முடிவானது. கட்டட உரிமையாளரையும் அவரே போய்ச் சம்மதிக்க வைத்தார். ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த பத்திர எழுத்தர், "பாதி ரூம்னு எழுதுவோம்மா. பாதி மேசைன்னு எழுதினா நான் தண்ணி போட்டுட்டு எழுதுனேன்னு நெனைப்பாங்க" என்றார். பாதி அறை என்றே எழுதினோம். அக்கா ஒரு பிரம்பு நாற்காலி வாங்கிக்கொண்டு வந்து தன் பாதிக்கு எதிரே போட்டார். போட்டதோடு சரி.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது அலைச்சல். வருமான வரிக் கணக்குக் கேட்டார்கள். அவர் அதுவரை கணக்கே காட்டியதில்லை. "வரும்போது வரும், வராதப்ப வராது. இதுல என்னத்தக் காட்ட?" என்று ஆடிட்டரிடமே நின்றுகொண்டு வாதாடினார். பெயர் போட்ட லெட்டர் பேடும் ரப்பர் முத்திரையும் ரசீது மாதிரியும் வேண்டும் என்றார்கள். முத்திரை வந்த அன்று என் மேசையில், காலண்டரில், பாலிசி உறையில், என் உள்ளங்கையில் எல்லாம் குத்திப் பார்த்தார். புகைப்படம் எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனால், "அக்கா, அசையாம உட்காருங்க" என்று அந்தப் பையன் கெஞ்சிக் கெஞ்சிக் களைத்துப்போனான். கடைசியில் விழுந்த படத்தில், பஸ் வந்துவிட்டது என்று யாரோ கத்தியதும் எழுந்திருக்கப் போகிறவர் மாதிரி இருந்தார். அதையே ஏற்றிவிட்டேன்.

விண்ணப்பம் போனபிறகு எனக்கு நிம்மதி போயிற்று. காலையில் வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்பார். "வந்துருச்சா?" மதியம் போனில், "வந்துருச்சா?" சாயங்காலம் கீழே சாலையில் வண்டியை நிறுத்தாமலே ஹார்ன் அடித்துவிட்டு முகத்தைத் தூக்கிப் பார்ப்பார். நான் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி இல்லை என்பேன். யாரிடமாவது பிரீமியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஹார்ன் கேட்டால், பேச்சை விட்டுவிட்டு எழுந்து போய் ஜன்னலில் கையை ஆட்டுகிற அளவுக்கு என்னையே ஆட்டிவைத்துவிட்டார். அவருடைய பரபரப்பு எனக்கும் ஒட்டிக்கொண்டது. ராத்திரி தூக்கத்தில் நான் "இன்னும் வரல" என்று உளறியதாக என் மனைவி சொன்னாள்.

வந்தது. அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் சாமி படத்துக்குப் போடுகிற கண்ணாடிச் சட்டத்தில் அதைப் போட்டு, மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் நாலு மூலையிலும் நடுவிலும் சந்தனம், குங்குமம். நடுவில் வைத்த பொட்டு சரியாகப் பதிவு எண்ணின்மேல் உட்கார்ந்திருந்தது.

"அக்கா, நம்பரே தெரியலையே."

"அதுக்குத்தான தம்பி பொட்டு வைக்கணும்? மத்ததெல்லாம் வெறும் எழுத்து."

எண் தெரிய வேண்டும், அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கிறபடி மாட்டி வைக்க வேண்டும் என்பது விதி என்று சொல்லி, நான்தான் அந்தப் பொட்டைத் துடைத்தேன். ஒரு வாரம் என் சுவரில் தொங்கியது. அப்புறம் பார்த்தால் ஆணி மட்டும் இருக்கிறது. சட்டத்தோடு கழற்றி ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு வீடு காட்டக் கிளம்பிவிட்டார். கேட்டால், "இத நீங்க பாத்து என்ன ஆகப்போகுது? பாக்க வேண்டியவுக வெளியிலல்ல இருக்காக" என்றார். ஒரு கலர் ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் பண்ணிக் கொடுத்துத்தான் அசலைச் சுவருக்கு மீட்டேன்.

டீக்கடையில் யாராவது, "என்ன புரோக்கரம்மா" என்று கூப்பிட்டால் அந்த லேமினேட் அட்டை வெளியே வரும். "ஏஜென்ட்னு சொல்லுங்கண்ணே. பதிவு பெற்ற ஏஜென்ட்." கிண்டல் செய்தவர்கள் உண்டு. நானும் செய்திருக்கிறேன். ஆனால் அவர் நடையில் ஒரு நிமிர்வு வந்திருந்தது உண்மை. பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் மனைக்காரர் ஒருவர் வந்தார். எழுமலைப் பக்கம் புன்செய்க் காட்டை வாங்கிக் கல் ஊன்றி லேஅவுட் போட்டிருப்பதாகச் சொன்னார். படியேறி வந்தவர், யாரும் உட்காராத அந்தப் பிரம்பு நாற்காலியில் நேராகப் போய் உட்கார்ந்துகொண்டு, "மேடம், நீங்க ஏன் நிக்கறீங்க?" என்று கேட்டார். மேடம் என்று அக்காவை அழைத்த முதல் மனிதர் அவர்தான். "எங்க புராஜெக்டுக்கு ஒங்கள மாதிரி லைசென்ஸ் உள்ளவங்க வேணும் மேடம். போட்டோ போட்டு ஊர் பூரா ஃபிளெக்ஸ் வச்சிருவோம்."

வைத்தார்கள். பஸ் வந்துவிட்டது என்று எழப்போகிற மாதிரி விழுந்த அதே படம், ஆள் உயரத்துக்கு. காளவாசலில் ஒன்று, தெற்குவாசலில் ஒன்று, உசிலம்பட்டிச் சாலையில் வரிசையாக. அக்கா அன்றாடம் வழியை மாற்றிக்கொண்டு ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அதைப் பார்த்தவர்களில் மருந்துக்கடைப் பையனின் அப்பாவும் ஒருவர். போன் வந்தபோது அக்கா என் எதிரில்தான் நின்றிருந்தார். பேச்சு அவர்கள் மொழியில். எனக்குப் புரிந்தது நடுவில் வந்த 'மேடம்' மட்டும். போனை வைத்துவிட்டு அறைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தார்.

"பையன் பேருல மனை வாங்கணுமாம் தம்பி. ஞாயித்துக்கிழமை மனை விற்பனைத் தொடக்க விழாவுக்குக் குடும்பத்தோட வாராங்களாம். ஜாதகத்த வேற ஒருத்தர்ட்ட காமிச்சாங்களாம். பொருந்துதாம்!"

சிரித்தார். கண் கலங்கியிருந்தது. நானும் கீழே பேக்கரியிலிருந்து பால்கோவா வாங்கிவரச் சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதுதான் அந்த ஃபிளெக்ஸை நான் நின்று படித்தேன். மேலே பெரிய எழுத்தில் 'அரசுப் பதிவு பெற்றது' என்று இருந்தது. அதன் கீழே ஒரு பதிவு எண். அந்த எண் எனக்கு மனப்பாடம். குங்குமத்தைத் துடைத்தவன் நான்தானே. அது அக்காவின் எண். அதில் ஏஜென்ட் என்று வருகிற பகுதியை மட்டும் நறுக்கிவிட்டு, மனைகளுக்கே பதிவு கிடைத்த மாதிரி போட்டிருந்தார்கள். மனைப்பிரிவுக்குத் தனியாக ஒரு பதிவு எண் இருக்க வேண்டும். அதை எங்கே தேடியும் காணோம்.

மறுநாள் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. "என் நம்பர்தானே தம்பி? போட்டா பெருமைதானே?" என்றார். ஆள் பதிவு வேறு, மனைப் பதிவு வேறு. பதிவாகாத மனையைப் பதிவு பெற்ற ஏஜென்ட் விற்றுக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் லைசென்ஸ் ரத்தாகும் என்று விளக்கினேன். வாங்குகிறவர்கள் இந்த எண்ணை மனையின் எண் என்று நம்பித்தான் பணம் கட்டுவார்கள், நாளைக்கு வீடு கட்ட அனுமதி கிடைக்காமல் அலைவார்கள் என்றும் சொன்னேன்.

சாவிச் சத்தம் நின்றது. வளையத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். உடனே மனைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அப்ளிகேஷன் உள்ள இருக்கு மேடம். இன்னிக்கு நாளைக்கு வந்துரும். எல்லாரும் இப்பிடித்தான் பண்றாங்க. நம்பர் வாரதுக்குள்ள பாதி மனை போயிரும், பாருங்க."

"வரட்டும் சார். வந்ததுக்கப்பறம் விழா வைங்க."

"பந்தல்காரனுக்குச் சொல்லியாச்சு, ஆட்டுக்குச் சொல்லியாச்சு. நீங்க வேற. வந்து நில்லுங்க மேடம், போதும்."

கீழே இறங்கிப் போனார். மேலே வந்தார். மறுபடி இறங்கினார். அந்த இரண்டு நாளும் அவர் படியேறி இறங்கியதில் என் காதே வலித்தது. ஒருமுறை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சொன்னேன்னா மேடம் போயி மறுபடி புரோக்கராயிருவேன், எம்மக கல்யாணம் போயிரும். சொல்லலேன்னா அவுக காசு போயிரும், லைசென்ஸும் போயிரும். நான் என்ன செய்ய தம்பி?"

"நீங்க விழாவுக்குப் போகாதீங்கக்கா. உடம்பு சரியில்லைன்னு சொல்லிருங்க."

"நான் போகலேன்னாலும் என் நம்பர் அங்க நிக்குமே."

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

காளவாசலிலிருந்து வேன்கள் கிளம்பின. அக்கா பட்டுச்சேலை கட்டியிருந்தார். இடுப்பில் வழக்கம்போல சாவிக்கொத்து. உசிலம்பட்டி தாண்டி, எழுமலைச் சாலையில் இடப்பக்கம் திரும்பி, கருவேல மரங்களை வெட்டிய தூர் இன்னும் காயாத ஒரு காட்டில் வேன் நின்றது. மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், கலர்க் கொடிகள், சாமியானா, அதற்குப் பின்னால் பிரியாணி அண்டா. முன்வரிசையில் மருந்துக்கடைப் பையன், அவன் அம்மா, அப்பா. அப்பா எழுந்து நின்று அக்காவுக்குக் கும்பிடு போட்டார்.

மனைக்காரர் மைக்கைப் பிடித்தார். "இப்ப நம்ம மேடம் உங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு மனையாக் காட்டுவாங்க. அரசுப் பதிவு பெற்றவங்க. நம்பர் மேல இருக்கு, பாத்துக்கங்க."

அக்கா மெதுவாக முன்னால் போனார். காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்தார். ஃபிளெக்ஸில் எண் இருக்கிற இடத்துக்கு நேர் கீழே, கூட்டத்தைப் பார்த்த மாதிரி போட்டார். சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். சாவிக்கொத்தை எடுத்து மடியில் வைத்தார்.

இத்தனை வருஷத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கூட்டத்தில் பாதிப்பேர் அவரிடம் வீடு பார்த்தவர்கள். தெற்குவாசலில் பாத்திரக்கடை வைத்திருக்கிற பாய் ஒருவர், அக்காவிடம் இரண்டு தடவை வீடு பிடித்தவர், பதறிப்போய் எழுந்து வந்தார்.

"யாம்மா, உடம்புக்கு முடியலையா? தண்ணி கொண்டாரச் சொல்லட்டா?"

"நல்லாத்தான் இருக்கேன் பாய்."

"பின்ன ஏம்மா உக்காந்துட்டீங்க? நீங்க உக்காந்து நான் பாத்ததே இல்லையே, அல்லா!"

"மேடம், எந்திரிங்க. பார்ட்டியெல்லாம் காத்துக்கிட்டிருக்காங்க" என்றார் மனைக்காரர், மைக்கை மூடிக்கொண்டு.

"இந்த எடத்துக்கு நான் எந்திரிக்கமாட்டேன் சார்." மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "பாய், மேல இருக்கிற நம்பர் என் நம்பர். என்னைய வச்சுக் குடுத்தது. இந்த மனைக்கு இன்னும் நம்பர் வரல. வரட்டும். வந்த அன்னைக்கு நானே எந்திரிச்சு வந்து ஒவ்வொரு கல்லாக் காட்டுறேன். அதுவரைக்கும் யாரும் எதுவும் குடுத்துராதீங்க."

இதைச் சொல்லும்போது அவர் முன்வரிசையைப் பார்க்கவில்லை. சாவிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "வாங்கப்பா, போவோம்" என்று தன் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பிரியாணியை முடித்துவிட்டுப் போகலாமா என்று யோசித்த சிலரும் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்ததால் எழுந்தார்கள். மனைக்காரருக்கு முகம் கறுத்தது. இத்தனை நாள் போட்ட 'மேடம்' ஒரே நொடியில் கழன்றது.

"புரோக்கர் புத்தியக் காட்டிட்டீல்ல? எவன்ட்ட என்ன வாங்குன?"

அதைக் கேட்டு நான் முன்னால் போனேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். பையனின் அப்பாவும் எழுந்து நின்றிருந்தார். அந்தச் சொல் அவர் காதிலும் விழுந்தது.

எங்களைத் திருப்பிக் கொண்டுபோய் விட வேன் வரவில்லை. மெயின் ரோடு வரைக்கும் வெயிலில் நடந்து, வந்த பஸ்ஸில் ஏறினோம். இடம் காலியாக இருந்தது. "உக்காருங்கம்மா" என்றார் கண்டக்டர். "இருக்கட்டும், நின்னுக்கறேன்" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். மருந்துக்கடைக் குடும்பமும் அதே பஸ்ஸில்தான் வந்தது. நாகமலை புதுக்கோட்டையில் அவர்கள் இறங்கும்போது, அந்த அப்பா அக்காவிடம் நின்று அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அக்கா தலையை ஆட்டினார்.

"என்னக்கா சொன்னார்?"

"நல்ல வேளை சொன்னீங்க, ரொம்ப நன்றின்னார்."

"கல்யாணத்தப் பத்தி?"

"அவரும் பேசல. நானும் கேக்கல."

கடைசிவரை பேசவில்லை. ஜாதகம் மறுபடியும் பொருந்தாமல் போனது. தன் காசு தப்பியது யாரால் என்று தெரிந்த பிறகும் அந்த மனிதருக்கு அந்தச் சொல்தான் பெரிதாக இருந்திருக்கிறது. அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அக்கா ஒருநாள்கூட அவரைக் குறை சொன்னதில்லை. மறுநாள் காலையில் வந்து, தன் எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று ஆணையத்துக்கு என்னைப் புகார் தட்டச் சொன்னார். அதை அனுப்பிவிட்டு ஒரு வீடு காட்டப் போய்விட்டார். ஃபிளெக்ஸ்கள் அந்த வாரமே இறங்கிவிட்டன.

அதற்குப் பிறகு காளவாசலில் அவருக்கு ஒரு பேர் நின்றுவிட்டது: உட்கார்ந்த புரோக்கரம்மா. யாராவது வீடு தேடினால், "அந்த உட்கார்ந்த புரோக்கரம்மாகிட்ட கேளுங்க, பொய் சொல்லாது" என்றார்கள். முதலில் அவருக்கு அது கசந்தது. லேமினேட் அட்டையை எடுக்கக் கை போகும், பாதியில் திரும்பிவிடும். பிறகு கையே போகாமலானது.

மகளுக்குத் திருப்பூரில் ஒரு பையன் அமைந்தான். பனியன் கம்பெனியில் வேலை. மகளோடு அக்காவும் கிளம்பினார். போவதற்கு முன்னால் சாவிகளை வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார். வெறும் வளையத்தை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தவர் சத்தமே இல்லாமல் படியேறினார். நான் திரும்பிப் பார்க்கும்வரை அவர் வந்தது எனக்குத் தெரியவில்லை. லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டத்தோடு சுவரிலேயே விட்டுவிட்டுப் போனார்.

பதிவு செல்லுபடியாவது ஐந்து வருஷத்துக்குத்தான். போன மாதம், முடியப்போகிறது, புதுப்பித்துக்கொள்ளவும் என்று எனக்கு மெயில் வந்தது. விண்ணப்பத்தில் என் மெயிலைத்தான் கொடுத்திருந்தோம். திருப்பூருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, லைசென்ஸ் முடியப்போகுதாம். விட்டுருவமா?"

"எதுக்கு விடணும்? புதுப்பிச்சிருங்க தம்பி. தமிழ்நாடு பூராம் செல்லும்ல. வெலாசம் உங்க மேசைதான? பாதிய யாருக்கும் குடுத்துரலையே?"

"அப்பிடியேதான் கெடக்கு. நாற்காலியும் கெடக்கு."

"ஒரு நிமிசம் லைன்ல இருங்க."

போனுக்குள் சாவிக்கொத்து குலுங்கியது. பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல், "யாரும்மா, புரோக்கரா?" என்றது.

"ஆமாங்க, புரோக்கர்தான். செருப்போடயே வாங்க, உள்ள தூசியாக் கெடக்கு" என்றார் அக்கா.

பிறகு குழாயைத் திருகுகிற சத்தம். கொஞ்ச நேரம் வெறும் காற்று இரைந்தது. தண்ணீர் வருகிறதா என்று நானும் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.